சென்னம்மாள் தொட்டுக் காட்டிய கால்

ஏற்காட்டுப் பஜாரில் சென்னம்மாளைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது அவளிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். மீதிப் பேர் அவள் கையில் ஒரு வேண்டுதலைக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். இரண்டுக்கும் ஆளானவர்களும் நிறைய உண்டு, அவர்கள்தான் அவளைப் பற்றி உயர்வாகப் பேசுவார்கள்.

எஸ்டேட் களத்தில் காப்பிக் கொட்டை பொறுக்குவது அவள் வேலை. அரூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து மலையேறிய குடும்பம். எஸ்டேட் கூலிக்காரர்களின் லயன் வீட்டில் பிறந்து, அதே லயனில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகும் அங்கேயே இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர்கள், பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் என்று யார் யாரோ போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி, தர்காவில் கொஞ்சம் சர்க்கரை, மேலே மலையுச்சிக் குகையில் இருக்கும் சேர்வராயனுக்கு ஒரு தேங்காய். எல்லாம் ஒரே பைக்குள்தான் போகும். யாருடைய வேண்டுதல் எந்த வாசலுக்கு என்பது மட்டும் அவளிடம் ஒருநாளும் மாறாது.

இதற்காக யாரிடமும் அவள் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. தன் சொந்த வேண்டுதலையும் அன்றைக்கு வைக்கமாட்டாள். அடுத்தவர் காரியமாகப் போன இடத்தில் தன் காரியத்தையும் நைசாக நுழைப்பது திருட்டு என்பது அவள் கட்சி. தர்காவில் முக்காடு, மாதா கோயிலில் முட்டி போடுதல், சேர்வராயன் குகையில் கூன் விழுந்தவள் மாதிரிக் குனிந்து போதல் என்று அந்தந்த இடத்து முறைப்படி நடந்துகொள்வாள். தர்கா வாசலில் ஷூவோடு கால் வைத்த ஒரு டூரிஸ்ட்டை அவள் கிழித்த கிழியில், அந்த ஆள் ஷூவை மட்டுமா, சாக்ஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, காலைப் பனி இன்னும் விலகாத நேரம். களத்துக்கு சசிகலா ஓடி வந்தாள். தலைச்சோலை ஐயாக்கண்ணுவின் மகள். ஐயாக்கண்ணு அந்த ஊர் மலைக்காரர், சாமையும் வாழையும் கொஞ்சம் காப்பியும் வைத்திருப்பவர். அவர் தோட்டத்தில் மிளகு பறிக்க சீசனில் சென்னம்மாளும் போவதுண்டு. அப்படித்தான் பழக்கம்.

அழுதுகொண்டே சசிகலா சொன்னது இதுதான். ஒரு மாதத்துக்கு முன் அப்பா மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டார். சர்க்கரை உடம்பு. யாரிடமும் சொல்லாமல் பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இப்போது இரண்டு விரல் கறுத்துவிட்டது. இன்றைக்கே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரண்டு விரலோடு போகும், இரண்டு நாள் விட்டால் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டிவரும், அதற்குமேல் ஆளே தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வீட்டு வாசலில் நிற்கிறது. மனுஷன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறார்.

“எங்கீன்னு கேட்டீங்கன்னா, இந்த எடத்துலதானுங்கக்கா” என்று சசிகலா குனிந்து தன் இடது பாதத்தைத் தொடப் போனாள். சென்னம்மாள் அவள் கையைப் படாரென்று தட்டிவிட்டாள்.

“அடுத்தவங்க புண்ணத் தன் மேல காட்டுவாங்களா? புத்தி இருக்குதா கண்ணு உனக்கு? துப்பு, மொதல்ல துப்பு.”

சசிகலா துப்பினாள். ஒருவர் நோவைச் சொல்லும்போது அந்த இடத்தைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டினால் அது தன் மேல் ஏறிக்கொள்ளும். தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே துப்பித் தள்ளிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. சென்னம்மாள் இந்த விஷயத்தில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கமாட்டாள்.

ஐயாக்கண்ணுவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா வயிற்று வலி என்று ஜீப்பில் உட்கார்ந்து மலை இறங்கினார், திரும்ப ஏறும்போது படுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஐயாக்கண்ணுவுக்குக் கீழே என்றாலே சாவுதான். இறங்க வேண்டுமென்றால் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன் என்று இப்போது அடம். சேர்வராயனுக்கு வருஷா வருஷம் முதல் மிளகு அவருடையது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வாழைத்தார் அவர் தோட்டத்திலிருந்துதான் போகும். தர்கா கந்தூரிக்கு விறகு அவர் போடுவார். மூன்று இடத்திலும் கொடுத்துப் பழகிய மனுஷன், ஒருவரிடம் சொல்லி இன்னொருவரை விட்டால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காத மாதிரி ஆகிவிடாதா என்று கேட்கிறாராம். மூன்று வாசலிலும் கால் உருவம் வைத்துச் சொல்லிவிட்டு சென்னம்மாள் வந்து நின்றால் காரில் ஏறுவாராம். வேறு யார் போனாலும் நம்பமாட்டாராம்.

“கெரகம் புடிச்ச மனுசன்” என்றாள் சென்னம்மாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். களத்துக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னாள். அவரும் இவளிடம் வாய் கொடுக்க விரும்பாமல் தலையாட்டினார்.

பஜாரில் கமலக்கண்ணன் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கண், கை, கால், தொட்டில், வீடு என்று வெள்ளை உலோகத் தகட்டில் அடித்த உருவங்கள் அவரிடம் கிடைக்கும். மூன்று மதத்துக்காரர்களும் வாங்குவது அதே டப்பாவிலிருந்துதான். பாதம் மூன்று வேண்டும் என்றாள். எந்தக் கால் என்று அவர் கேட்டார். தன் காலைக் காட்டக்கூடாது, அவர் காலைக் காட்டவும் கூடாது. அவசரத்தில் காற்றில் ஒரு பக்கமாகக் கையை வீசி, “இந்தப் பக்கத்துக் காலுங்க” என்றாள். அவர் மூன்று தகட்டையும் தனித்தனியாக உப்பு மிளகோடு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

மாதா கோயிலுக்குப் போனபோது ஃபாதர் சேலம் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். ராத்திரிதான் வருவாராம். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் வழிவிட்டாள். சென்னம்மாள் மெழுகுவத்தி ஏற்றி, தலைச்சோலை ஐயாக்கண்ணு என்று பேரும் ஊரும் சொல்லி, பொட்டலத்தை உண்டியலில் போட்டாள். அடுத்து தர்கா. அதைப் பார்த்துக்கொள்ளும் சுக்கூர் பாய் பொட்டலத்தை வாங்கிப் போர்வைக்குக் கீழே வைத்து, பாத்தியா ஓதினார். விறகு கொடுக்கும் மனுஷராயிற்றே என்று அவருக்கும் கண் கலங்கியது. சென்னம்மாள் அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து மலைக்கோயில் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேர்வராயனுக்கு வைக்கிற உருவத்தில் மஞ்சள் தடவ வேண்டும். மேலே போய்ச் செய்தால் நேரமாகும் என்று மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துத் தடவ ஆரம்பித்தாள். கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரலுக்கு வரும்போது என்னவோ இடறியது. தன் காலோடு வைத்துப் பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றினாள். தகட்டை இடது செருப்பின் மேல் வைத்தாள். கட்டைவிரல் வெளிப்பக்கம் நின்றது. வலது செருப்பின் மேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரே கைவீச்சில் வாங்கியவை, அப்படியானால் மூன்றும் வலது கால். ஐயாக்கண்ணுவுக்கு வலது கால் கல்லு மாதிரி இருக்கிறது. அந்த நல்ல காலைக் கொண்டுபோய் இரண்டு சன்னிதியில் வைத்து, இதைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வைத்த காலைக் கவனிக்காமல் விட்டாலும் பரவாயில்லை, அதையே கவனித்துவிட்டால் அழுகுகிற கால் என்னாகும்?

வாயை மூடிக்கொண்டு மேலே போய்விட்டிருக்கலாம். உண்டியலுக்குள் கிடப்பதும் போர்வைக்குக் கீழே கிடப்பதும் எந்தக் கால் என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஐயாக்கண்ணு காரில் ஏறினால் சரி. இந்த நினைப்பு அவளுக்கும் வராமல் இல்லை. ஆனால் அவர் அவளை நம்பியல்லவா காலையே கொடுத்தனுப்பியிருக்கிறார். பொய்யைச் சொல்லி அந்த மனுஷனை மலை இறக்க அவளுக்கு வாய் வராது. “நிறுத்துங்க, எறங்கோணும்” என்று நடுவழியில் எழுந்து நின்றாள். பாதிக் காட்டில் என்ன இறக்கம் என்று கண்டக்டர் கத்தினார். அவரையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வந்த வழியே திரும்பி நடந்தாள். வழியில் சசிகலா போன் செய்து, ஆயிற்றா, டிரைவர் சத்தம் போடுகிறார், அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்றாள். ஆகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கமலக்கண்ணனை அவள் பேசின பேச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. நீ காட்டின பக்கம்தானே கொடுத்தேன் என்று அவரும் விடவில்லை. காலையில் காட்டின மாதிரியே காட்டு என்றார். இவள் கையை வீசினாள். அவரும் எதிரில் நின்று அதே பக்கம் கையை நீட்டினார். இவளுக்கு இடது, அவருக்கு வலது. இரண்டு பேரும் அப்படியே கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவர் மூன்று இடது காலை எடுத்துக் கொடுத்தார்.

தர்காவில் கஷ்டம் இருக்கவில்லை. சுக்கூர் பாய் போர்வையைத் தூக்கிப் பழைய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். மறுபடியும் முதலிலிருந்து ஓதினார். அவசரப்படாதே தங்கச்சி, தப்பைத் திருத்த வந்தவர்களை இங்கே யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாதா கோயிலில்தான் மாட்டிக்கொண்டாள். உண்டியல் பூட்டியிருந்தது. சாவி ஃபாதரோடு சேலத்தில். இன்னொரு பொட்டலத்தையும் போட்டுவிட்டால் என்ன என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

“ரெண்டு காலையும் போட்டா ரெண்டு காலும் கெட்டவருன்னு ஆயிடாதா?”

“அப்ப வாயாலயே சொல்லிருங்கக்கா. எடது காலுன்னு. மாதாவுக்குத் தெரியாதா?”

சென்னம்மாள் பீடத்தை நிமிர்ந்து பார்த்தாள். மாதா இவளுக்கு நேர் எதிரே இவளைப் பார்த்தபடி நின்றாள், கடையில் கமலக்கண்ணன் நின்ற அதே மாதிரி. இடது என்றால் யாருக்கு இடது? காலையில் இதே எதிரும் புதிருமான நிலையில்தானே காரியம் கெட்டது. மாதாவுக்குத் தெரியும்தான், இல்லையென்று இவள் சொல்லவில்லை. ஆனால் ஒருதரம் தப்பாகச் சொன்ன வாய். இன்னொருதரம் சந்தேகத்துக்கு இடம் வைத்துவிட்டு இவளால் வெளியே போக முடியாது. அங்கே ஒரு மனுஷனுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது.

தரையில் உட்கார்ந்தாள். சேலையை விலக்கி, தன் இடது காலை மாதாவுக்கு முன்னால் நீட்டினாள். பயமாகத்தான் இருந்தது. நின்று வேலை செய்தால்தான் அவளுக்குச் சோறு, அந்தக் காலை விட்டால் அவளைத் தாங்க ஆளில்லை. இரண்டு கையாலும் பாதத்தைத் தொட்டாள்.

“இந்தக் காலுங்க தாயி. ஐயாக்கண்ணண்ணனுக்கு இந்தக் காலு. வேற ஒண்ணு வெச்சது என்ற தப்புங்க.”

மரியபுஷ்பம் பதறிவிட்டாள். அவள் வேதக்காரிதான், ஆனாலும் அந்த மலையில் பிறந்தவள். துப்புங்கக்கா, துப்புங்க என்றாள். கோயிலுக்குள் எப்படித் துப்புவது? வெளியே வந்து துப்பலாம் என்று வாசல்படி வரைக்கும் வந்தாள். அங்கே நின்று யோசித்தாள். துப்பித் தள்ளிவிட்டால் காட்டினதும் அதோடு போய்விடாதா? அப்புறம் உள்ளே கிடக்கிற வலது கால்தானே நிற்கும்? எச்சிலை விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. மேலே போன காய்கறி ஜீப்பை மறித்து ஏறிக்கொண்டாள். ஜீப் விட்ட இடத்திலிருந்து கோயிலுக்கு ஏறும்போது மஞ்சு இறங்கி எதிரே ஆள் தெரியவில்லை. ஓட்டமாக ஏறினவள் ஒரு கல்லில் மோதிக்கொண்டாள். இடது கால். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. தொட்டுக் காட்டின நோவு அதற்குள்ளாகவா ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள், அழுதுகொண்டே ஏறினாள்.

பூசாரி மாதேஷ் நடை சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவள் வந்த கோலத்தைப் பார்த்து மறுபடியும் விளக்கை ஏற்றினார். குகைக்குள் குனிந்து போய், மஞ்சள் தடவின இடது காலை சேர்வராயன் முன்னால் வைத்துப் பேரைச் சொன்னாள். தன் கால் அந்தக் குளிர்ந்த பாறையில் விண்விண்ணென்று தெறித்தது. அப்படியே, இதையும் கொஞ்சம் பாருங்க சாமி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்தவர் காரியமாக அல்லவா வந்திருக்கிறாள். திருநீறு வாங்கி மடித்துக்கொண்டு, குனிந்தபடியே வெளியே வந்தாள்.

தலைச்சோலைக்கு வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. ஐயாக்கண்ணு காய்ச்சலோடு வாசல் நிலையோரம் போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நிலைக்கதவை ஒரு கை இன்னும் பிடித்திருந்தது. திருநீற்றை நெற்றியில் வாங்கிக்கொண்டார். மூணும் ஆச்சா அம்மிணி என்று கேட்டார். ஆச்சுங்கண்ணா என்றாள். சசிகலா காரைத் திருப்பச் சொல்ல ஓடினாள். அப்போதுதான் அவர் சென்னம்மாளின் காலைப் பார்த்தார். விரலில் சுற்றியிருந்த துணி சிவந்திருந்தது.

“கால்ல என்ன அம்மிணி?”

கல்லில் இடித்துக்கொண்டேன் என்றாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், கல் தெரியாமலா நடப்பாய் என்றார் அவர். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. வலது காலை வைத்தது, பாதி வழியில் இறங்கினது, உண்டியல் பூட்டியிருந்தது, மாதா எதிரே உட்கார்ந்து தொட்டுக் காட்டினது, எல்லாவற்றையும் சொன்னாள். சசிகலா வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சரியாக நடக்கவில்லை என்று அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

ஐயாக்கண்ணு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“துப்புனயா?”

“இல்லீங்கண்ணா. துப்புனா காட்டுனது போயிருமேன்னு வந்துட்டனுங்க.”

அவர் மறுபடியும் அவள் காலைப் பார்த்தார். தோட்டத்தில் மிளகு பறிக்க வருகிறவள், ஒட்டும் உறவும் கிடையாது. அவர் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நெற்றித் திருநீற்றில் கொஞ்சம் வழித்துக் குனிந்து, வேண்டாங்க வேண்டாங்க என்று அவள் தடுக்கத் தடுக்க, அந்தக் கட்டைவிரலில் வைத்தார். பிறகு நிலைக்கதவை விட்டுவிட்டு மகள் தோளைப் பிடித்து எழுந்தார்.

“என்ற காலு போனாப் போவுது. நான் இங்கயே ஒக்காந்துட்டன்னா இந்த அம்மிணி காலு என்னாவறது? வண்டிய எடுக்கச் சொல்லு சாமி.”

கார் மலை இறங்குகிற சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே போய் அடங்கியது. சென்னம்மாள் அன்று இரவு கண்ணை மூடவில்லை. காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை களத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது சசிகலா போன் செய்தாள். இரண்டு விரலை எடுத்தாயிற்று, கால் தங்கிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சென்னம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். போனை ஐயாக்கண்ணு பிடுங்குவது கேட்டது. தன் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

“காலு எப்படி இருக்குது அம்மிணி?”

வீக்கம் வடிந்துவிட்டது, நடக்க முடிகிறது என்றாள்.

“செரி. எனக்கு ஆயிப்போச்சு. இனி அது உனக்கு வேண்டாம், இப்பத் துப்பீரு.”

சென்னம்மாள் எழுந்து களத்தின் ஓரத்துக்குப் போனாள். கூட வேலை செய்கிறவர்களும் ரைட்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் அதைச் சட்டை செய்யவில்லை. குனிந்து இடது காலைத் தொட்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், சேலத்துக்குக் கேட்கும்படி சத்தமாகத் துப்பினாள்.